டெபாசிட் மோசடி கேஸ் பாதியில் செத்துப்போகாமல் இருக்க நாம் செய்ய வேண்டியவை

கோபிசெட்டிபாளையத்தில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 2021ல் எங்கள் பக்கத்து பைனான்ஸ் ஒன்றில், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நாலரை லட்சத்தை டெபாசிட் போட்டேன். லட்சத்துக்கு மாதம் 3,000 வட்டி என்றார்கள். ஏழு மாதம் ஒழுங்காக வந்தது. எட்டாம் மாதம் சர்வர் கோளாறு என்றார்கள். பத்தாம் மாதம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, என்னோடு சேர்ந்து ஏமாந்த பட்டுக்கூடு விவசாயிகள், தறிக்காரர்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள் என்று 130 பேருக்கு மேல் புகார் மனு டைப் செய்து கொடுத்திருக்கிறேன். எந்த மனு நகர்ந்தது, எது மூலையில் கிடந்தது என்று கூடவே இருந்து பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் கேஸுக்கு வக்கீலைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்னாலேயே பாதிக் கேஸ் கெட்டுப்போகிறது. அது நம் கையில் இருக்கும் பாதி.

பணம் திரும்ப வருவது ஒன்று, அந்த ஆளுக்குத் தண்டனை கிடைப்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே மனுதான், ஆனால் எதிராளி முதலாவதைக் காட்டியே இரண்டாவதிலிருந்து தப்பிக்கிறார். திருப்பூர் பாசி நிதி நிறுவனத்தைப் பாருங்கள். சுமார் 930 கோடி. 2009ல் மூடினார்கள். டெபாசிட் மோசடிகளை விசாரிக்கும் கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இரண்டு பேருக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது 2022 ஆகஸ்டில். இடையில் பதின்மூன்று வருடம். தண்டனை வரவே வராது என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் கேஸைத்தான் காட்டுவேன். பதின்மூன்று வருடம் கழித்தும் சாட்சிக்கூண்டில் ஏற ஆள் இருந்ததால் வந்த தீர்ப்பு அது.

முதல் வாரம்: காகிதம்

ஷட்டர் இறங்கியதும் எல்லோரும் கம்பெனி வாசலுக்கு ஓடுகிறோம். ஒரு நாள் போங்கள், போதும். மறுநாள் பீரோவைத் திறங்கள்.

டெபாசிட் பத்திரம், ரசீது, பாஸ்புத்தகம், முன்தேதியிட்ட செக், விளம்பர நோட்டீஸ், ஏஜென்ட் கொடுத்த விசிட்டிங் கார்டு, கூட்டம் நடத்திய மண்டபத்தில் எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான ரசீது இருக்கிறதே, அதில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். எங்கள் கடைக்கு ஒரு அக்கா மஞ்சள் பையிலிருந்து பதினோரு ரசீது எடுத்து வைத்தார். ஒன்பது வெறும் வெள்ளைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒன்றில் மட்டும் தொகை லேசாகத் தெரிந்தது. அந்த ரசீதை அன்றே கலரில் ஸ்கேன் செய்தேன். மற்ற எட்டுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருந்தது. ஆகவே கையில் வந்த அன்றே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காப்பி எடுங்கள். பின்பக்கத்தில்தான் நிபந்தனையும் சீலும் இருக்கும். லேமினேஷன் வேண்டாம். ரசீது நம்பர் மேல் ஓட்டை போடாதீர்கள், பின் அடிக்காதீர்கள்.

பேங்க் வழியாகப் போன பணத்துக்கு, கிளையில் சீல் வைத்த ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தை கோர்ட்டில் காட்ட தனிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதற்கு அசல் போன் வேண்டும்.

ரொக்கமாகக் கொடுத்தவர்கள் பயப்படுகிறார்கள். ‘புகார் கொடுத்தா இன்கம் டாக்ஸ் உங்க வீட்டுக்கு வரும்’ என்று ஏஜென்ட் மிரட்டியிருப்பார். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக டெபாசிட் வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்வது வாங்குகிறவருக்கு. அதை மீறினால் அபராதமும் வாங்கினவருக்குத்தான். ஒழுங்காகச் சம்பாதித்த பணம் என்றால், எப்படி வந்தது என்று காட்டக் கூடியதை எடுத்து வைத்துக்கொண்டு தைரியமாகப் புகார் கொடுங்கள்.

அப்புறம், மிக முக்கியமானது. மூடிய இரண்டாவது வாரம் ஏஜென்ட் வீட்டுக்கு வருவார். ‘பழைய பாண்டைக் குடுங்க, புது பாண்டு மாத்தித் தர்றோம், லேண்டா எழுதித் தர்றோம்’ என்பார். எங்கள் தெருவில் நாலு வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அசல் போய்விட்டது, புது பாண்டு வரவில்லை. யார் கேட்டாலும் காப்பிதான். போலீஸ் அசலைக் கேட்டால்கூட கைப்பற்றுதல் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மனுவில் ஒரு வார்த்தை

எங்கள் கேஸில் முதலில் புகார் கொடுத்தது ஒரு தறிக்காரர். வேறு எங்கோ டைப் செய்து கொண்டுபோனார். ஸ்டேஷனில் படித்துப் பார்த்துவிட்டு, ‘இது சிவில் மேட்டருங்க, கோர்ட்டுல போட்டுக்குங்க’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனுவை என் கடைக்குக் கொண்டுவந்தார். முதல் பாராவிலேயே ‘எனக்கும் மேற்படி நபருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் சம்பந்தமாக’ என்று இருந்தது. இரண்டாவது பாராவில் ‘கடனாகக் கொடுத்த தொகை’. அவர் கடன் கொடுக்கவே இல்லை. கம்பெனி ஆபீசில், கம்பெனி ரசீது வாங்கிக்கொண்டு டெபாசிட் போட்டவர். டைப் செய்தவர் பழக்கத்தில் அடித்த இரண்டு வார்த்தை, குற்றத்தைக் கைமாத்து தகராறாக மாற்றிவிட்டது.

பணக்கார எதிராளி தப்பிக்கிற முதல் வாசல் இதுதான். லட்சம் பேரிடம் வாங்கியதையும் ‘தொழிலில் நஷ்டம், பாக்கி’ என்று சொல்லத் தெரிந்த வக்கீல் அவரிடம் இருக்கிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எந்தத் தேதியில், யார், எந்த இடத்தில், என்ன சொல்லி டெபாசிட் கேட்டார். எவ்வளவு வட்டி, எத்தனை மாதத்தில் அசல் என்றார். ரிசர்வ் பேங்க் அனுமதி இருக்கிறது என்று சொன்னாரா, சுவரில் ஏதாவது சர்டிபிகேட் மாட்டியிருந்ததா. எப்போது வட்டி நின்றது, கேட்டபோது யார் என்ன பதில் சொன்னார். ஏமாற்றுதல் என்று நிரூபிக்க, ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதனால் மூடுவதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததை விடாதீர்கள். எங்கள் பைனான்ஸ்காரர், மூடுவதற்கு ஐந்து வாரம் முன்புவரை ‘ஆடி ஆஃபர்’ என்று புது டெபாசிட் வாங்கினார். அதே நேரத்தில் பழையவர்களுக்கு வட்டி நிறுத்தியிருந்தார். இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் மனுவின் கனமே மாறிவிட்டது.

கடைசியில் ஒரு அட்டவணை: தேதி, தொகை, ரொக்கமா வங்கியா, ரசீது எண், வாங்கினவர் பெயர். அழுகையும் சாபமும் மனுவில் வேண்டாம். எனக்கும் எழுதத் தோன்றியது, எழுதி அழித்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் ஆய்வாளர் படிக்க மாட்டார்.

சட்டப் பிரிவு எழுதுவது நம் வேலை இல்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 1997ல் கொண்டுவந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, டான்பிட் சட்டம் என்று சொல்வார்கள். தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடியபோது வந்தது. சொன்ன தேதியில் அசலையோ வட்டியையோ தராமல் போனாலே, நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது அதன் 5ஆவது பிரிவு. அந்தச் சட்டம் செல்லாது என்று பைனான்ஸ்காரர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 2011ல் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த மோசடி என்றால் கூடவே பழைய இ.பி.கோ. 406, 420 வரும். அதற்குப் பின் என்றால் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ். 316, 318. எஃப்.ஐ.ஆரில் வெறும் 420 மட்டும் இருந்து டான்பிட் பிரிவு இல்லையென்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். டான்பிட் இல்லாவிட்டால் அந்தச் சட்டப்படி சொத்து முடக்கும் வழி கிடைக்காது.

எங்கே கொடுப்பது, வாங்காவிட்டால் என்ன செய்வது

மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் கொடுங்கள். கொடுத்ததும், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ‘அப்புறம் வாங்கிக்குங்க’ என்றால், வாங்கும்வரை பெஞ்சில் உட்காருங்கள். நான் ஒரு முறை மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்தேன், கொடுத்தார்கள்.

வாங்கவே மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், பிரமாண வாக்குமூலத்தோடு மனுப் போட்டு விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். புதுக் குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 173, 175 ஆகிய பிரிவுகள். தபால் ரசீது இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் ‘முதலில் எஸ்.பி.யிடம் போனீர்களா’ என்று கேட்பார்கள், அதனால் அந்தச் சின்னத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காலம் கடத்தாதீர்கள். குற்றம் நடந்தது தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் வணிகம் சம்பந்தப்பட்ட குற்றங்களிலும், மூன்று மாதத்துக்கு மேல் தாமதமாக வந்த புகார்களிலும் முதலில் ஆரம்ப விசாரணை செய்யலாம் என்று விதிவிலக்கும் வைத்தது. நம் கேஸ் ஏற்கெனவே முதல் விதிவிலக்கில் மாட்டுகிறது. இரண்டாவதிலும் நாமே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ‘பொங்கல் கழிச்சு தந்துடறேன்னு சொல்லியிருக்காரு’ என்று நாலு மாதம் உட்கார்ந்திருந்தார்கள்.

செக் கையில் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்தும் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு நாள் பிந்தினாலும் அவர்களுக்கு ஒரு வாதம் கிடைக்கும். ஆனால் செக் கேஸ் போட்டதோடு திருப்தி ஆகாதீர்கள். அதில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, அதுவும் பணம் கட்டினால் முடிந்துவிடும்.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் ஒரு பிரதி இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் தனியாகப் புகார் கொடுத்தும் உங்கள் பெயர் இல்லாமல் ஒரே எஃப்.ஐ.ஆராக இருந்தால் பயப்படாதீர்கள், மற்றவர்களைச் சாட்சியாகச் சேர்ப்பார்கள். சேர்த்தார்களா என்று மட்டும் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சொத்தைத் தேடுவது நாம்தான்

இந்த வேலையில்தான், ஏமாந்தவர்கள் சேர்ந்த எங்கள் சங்கம் உருப்படியாக ஏதாவது செய்தது என்று நினைக்கிறேன். போலீசில் ஒரு ஆய்வாளர், கையில் இருபது கேஸ். எதிராளிக்கோ மச்சான், மாமனார், டிரைவர் பேரிலெல்லாம் நிலம். அவருக்காக யார், எந்தத் தோட்டத்தை எப்போது வாங்கினார் என்று ஊருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தோறும் கடை மூடியதும் ஆறு பேர் உட்காருவோம். யாராவது ‘சத்தி ரோட்டுல புதுசா வேலி போட்டிருக்காங்க, அவரு மச்சினன் காடு’ என்பார்கள். சர்வே எண் தெரிந்துகொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். ஒரு மூன்று ஏக்கர் காட்டில், கம்பெனி மூடுவதற்கு இரண்டு மாதம் முன்பு மச்சினன் பேருக்குத் தானமாக எழுதியிருந்தது கண்ணில் பட்டபோது ராத்திரி ஒன்பதரை. அந்தப் பக்கத்தை மூன்று காப்பி எடுத்தேன், கை நடுங்கியது. பட்டாவை வருவாய்த்துறை தளத்தில் பார்க்கலாம். கம்பெனி பதிவானது என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர் பெயர்கள் இலவசம். 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த காகிதங்களையே பார்க்கலாம். இயக்குநர் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பது அதில்தான் பிடிபடும்.

கண்டுபிடித்ததை கிராமம், சர்வே எண், பத்திர எண், தேதி என்று பட்டியலாக்கி விசாரணை அதிகாரிக்கும் மாவட்ட வருவாய் அலுவலருக்கும் (டி.ஆர்.ஓ.) கொடுங்கள். டான்பிட் சட்டத்தில் டி.ஆர்.ஓ.தான் தகுதி பெற்ற அதிகாரி. அரசாணை போட்டுச் சொத்தை முடக்குவார்கள். 30 நாளுக்குள் டி.ஆர்.ஓ. தரப்பில் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்த முடக்கத்தை உறுதி செய்யக் கேட்க வேண்டும். அப்புறம்தான் ஏலம், பங்கு பிரிப்பு. அரசாணை வந்துவிட்டது என்று பட்டாசு வெடித்துவிட்டு அந்த மனுவைக் கவனிக்காமல் விடாதீர்கள். அதன் எண்ணையும் குறித்து வையுங்கள்.

சொத்து முடங்குவது பணத்துக்காக மட்டும் இல்லை. பெரிய வக்கீலுக்குக் கொடுப்பதும், சாட்சிகளை விலைக்கு வாங்குவதும் அந்தச் சொத்திலிருந்துதான்.

ஜாமீன், குற்றப்பத்திரிகை

கைதான நாள் டி.வி.யில் வரும். 60 நாளில், சில பிரிவுகளுக்கு 90 நாளில், குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கேட்டாலே ஜாமீன் கிடைத்துவிடும் என்பது டி.வி.யில் வராது. கைது தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். 40ஆவது நாள் வாக்கில் குற்றப்பத்திரிகை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பது இப்போது பி.என்.எஸ்.எஸ். 193ஆவது பிரிவில் இருக்கிறது. போனில் கேட்காதீர்கள், கடிதம் கொடுங்கள்.

ஜாமீன் மனு வந்தால் நம் பக்கத்தையும் சொல்ல உரிமை உண்டு. 2022ல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்சநீதிமன்றம் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணையிலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பேச உரிமை இருக்கிறது என்றது. அரசு வக்கீலுக்குத் துணையாக நாம் ஒரு வக்கீல் வைக்கலாம். எங்களில் 84 பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு வைத்தோம். வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. எதிராளி வெளிநாடு போகிற ஆள் என்றால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையை முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். விஜய் மல்லையா 2016 மார்ச்சில் கிளம்பிப் போனார், இன்னும் கூட்டிவர முடியவில்லை. நாட்டின் பெரிய பேங்குகள் எல்லாம் சேர்ந்து துரத்தியே இந்த நிலைமை.

‘சமாதானமா போயிடலாங்க’

குற்றப்பத்திரிகைக்கு அப்புறம் சாட்சி விசாரணைக்கு முன்னால் ஒரு இடைவெளி வரும். பெரும்பாலான கேஸ் சாவது அங்கேதான். எங்களுக்கும் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னால் விட்டு, ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ‘கேஸை வாபஸ் வாங்கினா நூத்துக்கு நாப்பது உடனே. கேஸ்னு நின்னீங்கன்னா பத்து வருசத்துக்குப் பைசா இல்லை. அவரு உள்ள போனா உங்களுக்கு யாரு குடுப்பா?’ மேஜையில் அச்சடித்த பிரமாணப் பத்திரம், தொகை இடம் காலியாக.

கையெழுத்துப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவருக்கு டயாலிசிஸ், இன்னொருவருக்கு மகன் காலேஜ் பீஸ். ஆனால் அந்தக் காகிதத்தில் ‘யாரோ சொல்லிக் கொடுத்துப் புகார் கொடுத்தேன், எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று இருந்தது. அது பணம் வாங்கிக்கொண்டதற்கான காகிதம் இல்லை, குற்றமே நடக்கவில்லை என்பதற்கான காகிதம்.

பணம் வேண்டும் என்றால் வாங்குங்கள், கோர்ட் வழியாக வாங்குங்கள். டான்பிட் சட்டத்தில் சமரசத்துக்கு வழி இருக்கிறது, கோர்ட் அனுமதியோடு. ரசீதில் ‘மொத்தம் இவ்வளவு, இன்று வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு’ என்று எழுதுங்கள். வெற்றுத் தாளிலோ காலி இடம் விட்ட தாளிலோ கையெழுத்து வேண்டாம். புகார் பொய் என்று ஒரு வரி இருந்தாலும் பேனாவை மூடிவிடுங்கள். அரசே வழக்கைத் திரும்பப் பெற நினைத்தாலும், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதிக்கக்கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 360 சொல்கிறது.

எதிராளி வீட்டு முன் போய்ச் சத்தம் போடுவது, குடும்பத்துப் பெண்களின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடுவது இதெல்லாம் கூடவே கூடாது. எங்களில் இரண்டு பேர் மேல் மிரட்டல் கேஸ் போட்டு, அந்த இரண்டு பேரையும் அதைக் காட்டியே சமாதானத்துக்கு இழுத்தார்கள்.

வாய்தா

கோர்ட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் தரும் தனி எண்ணான சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி தெரியும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குறைந்தது இரண்டு பேர் கோர்ட்டில் இருக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாதம் ஒரு ஜோடி, காலை ஆறு மணி பஸ்ஸில் கோவைக்குப் போகிறோம். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஆனால் ஆள் வந்திருக்கிறது என்றால் அரசு வக்கீல் நம்மைப் பார்த்து நடந்ததைச் சொல்கிறார், எதிர்த்தரப்பு ‘சாட்சிகளுக்கு அக்கறை இல்லை’ என்று சொல்ல முடிவதில்லை. ஒரு நோட்டில் தேதி, யார் வந்தார், என்ன காரணத்துக்குத் தள்ளிவைத்தார்கள் என்று எழுதுகிறோம். இரண்டு வருடத்தில் எதிரித் தரப்பு வாங்கிய வாய்தா பதினேழு. அந்தப் பட்டியலை வைத்துத்தான் விசாரணையைச் சீக்கிரம் முடிக்க உத்தரவு கேட்டு உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன், உங்கள் பழைய புகாரை ஒரு முறை படியுங்கள். நாலு வருடம் கழித்து தேதி மறந்துவிடும், அதைத்தான் குறுக்கு விசாரணையில் பிடிப்பார்கள். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லுங்கள்.

இடையில் டெபாசிட்தாரர் இறந்துவிட்டால் கேஸ் அவரோடு போய்விடாது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, இறப்புச் சான்று, அசல் ரசீதோடு விசாரணை அதிகாரிக்கும் டி.ஆர்.ஓ.வுக்கும் மனுக் கொடுத்து பட்டியலில் பெயரை மாற்ற வேண்டும். நான் மேலே சொன்ன தறிக்காரர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவர் மகள் சான்றோடு கடைக்கு வந்தாள். மனுவை டைப் செய்து, அப்பா பெயர் இருந்த இடத்தில் ‘இறந்தவரின் மகள்’ என்று சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வாய்தாவுக்கு முறை அவளுடையது, அவளோடு நான் போகிறேன்.